பேர் எங்கயும் வராது

“உங்க பேரு எங்கயும் வராதுக்கா” என்று அந்தப் பெண் சொன்னபோது சண்முகக்கனி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழையவில்லை. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி பார்த்தாள், பிசிறு விலகி ஊசிக்காதின் ஓரமாகவே போனது. பேர் வராதாம். ஹெப்சிபா என்று சொன்னாள், பாளையங்கோட்டைப் பக்கம், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம், நடுத்தர வயசுப் பெண்கள் செல்போனில் இன்டர்நெட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கோவில்பட்டியில் தெருத்தெருவாய்க் கேட்டு எழுதுகிறாள், பக்கத்து வீட்டு ராஜம்தான் ‘இந்தாங்க, எங்க டெய்லரம்மா, எந்நேரமும் போனும் கையுமா இருப்பாங்க’ என்று கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். எந்நேரமும் என்று ராஜம் ஏன் சொன்னாள், சும்மா சொன்னாளா, ராஜத்தின் மகன் காலேஜில் படிக்கிறவன், அவன் கையிலும் போன் இருக்கிறது, ராஜம் அப்படிச் சொன்னபோது சிரித்தாள், சிரிப்பில் ஏதாவது இருந்ததா, இல்லை, ராஜம் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள், பல் நீளம். மத்தியான வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வந்து தையல் மெஷின் காலடியில் கிடந்தது. பேர் வராமல் இருப்பதை இந்தப் பெண் ஒரு பலகாரத் தட்டை நீட்டுவதுபோல நீட்டுகிறாள். மகள் ரஞ்சியின் பேர் வந்திருந்தது. சிவரஞ்சனி என்று முழுசாய், கீழே படித்த காலேஜ், அதற்கும் கீழே ஊர். கோவில்பட்டி என்பதை இங்கிலீஷ் எழுத்தில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில்தான் அதுவரை பார்த்திருக்கிறாள். ரயில் வந்து நிற்கிற ஊர். யார் வேண்டுமானாலும் வந்து இறங்கலாம் என்கிற மாதிரி, மகளின் படத்துக்கு அடியில் அந்த ஊர்ப்பேர். “சரிம்மா, கேளு” என்றாள். நூல் கோத்துக்கொண்டது.

“போன்ல இன்டர்நெட் யூஸ் பண்ண உங்களுக்கு முதல்ல யாருக்கா கத்துக் குடுத்தாங்க?” மகள் என்றாள். ஹெப்சிபா மடியில் வைத்திருந்த பலகைமாதிரிப் போனில் எதையோ தொட்டாள். மகள்தான், முதலில் மகள்தான், ஆனால் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தது அவன். ரஞ்சியோடு படித்தவர்கள் நாலைந்து பேர் ஒரு பொங்கல் சமயம் வந்திருந்தார்கள், அவனும் வந்தான், எல்லாரும் ஆன்ட்டி என்றபோது அவன் மட்டும் அம்மா என்றான், விளைமீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவப் போனான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் போனைப் பார்ப்பதைக் கண்டு, ‘குடுங்கம்மா’ என்று வாங்கி, எங்கெங்கோ தொட்டு, எழுத்தையெல்லாம் பெரிசாக்கிக் கொடுத்தான், ‘இப்பத் தெரியுதா?’ என்று கேட்டான். தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. நல்ல பையன் என்று அன்றைக்கு வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னாள். ரஞ்சிக்கும் அவனுக்கும் ஏதோ இருக்கிறது என்று தாய்க்குத் தெரியாதா, தெரிந்துதான் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள், வேலைக்குப் போகட்டும், இரண்டு பேரும் சம்பாதிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிவுகூடக் கட்டிவிட்டாள். அப்புறம் ரஞ்சி மெட்ராசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம் ஒருநாள் ‘அவன்கூடப் பேசுறதில்லம்மா, சந்தேகப் பேய், ஒத்துவராது’ என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதானே, போகட்டும் என்று இருந்தாள். நடுத்துண்டு. இந்தக் கையால் எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அந்த வீடியோ வந்த பிறகு அந்த எழுத்தை மறுபடி சின்னதாக்கிவிட வேண்டும் என்று ஒருநாள் முழுக்கப் போராடிச் சின்னதாக்கினாள், அப்புறம் ஒன்றும் தெரியவில்லை, தேட முடியவில்லை, மறுநாளே பெரிசாக்கிக்கொண்டாள். அவன் வைத்துக்கொடுத்த எழுத்தில்தான் அவன் போட்டதைத் தேட வேண்டியிருக்கிறது. ஊசி விரலில் ஏறியது. ரவிக்கை வெள்ளைத் துணி. சட்டென்று விரலை வாயில் வைத்தாள்.

“ஐயோ, குத்திருச்சாக்கா? மெதுவாச் செய்ங்க, எனக்கு அவசரமில்ல.” நல்ல பெண். ரஞ்சி வயசுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம். காதில் சின்னதாய் ஒரு பொட்டுக் கம்மல், துப்பட்டாவை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தாள், ஊக்கு பூச்சுப் போய்க் கறுத்திருந்தது. இவளையும் யாராவது, என்று நினைத்தாள். இவளுக்கும் ஒருத்தன் இருப்பான், அவன் கையிலும் ஒரு போன் இருக்கும். இப்போதெல்லாம் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இப்படித்தான் ஓடுகிறது, பஸ்ஸில், கோயிலில், அளவு கொடுக்க வருகிற கல்யாணப் பெண்களைப் பார்த்தால் இன்னும் மோசம், டேப்பை அவர்கள் முதுகில் வைத்துப் பார்த்த அளவை மறந்து மறுபடி அளக்கிறாள். “என்னென்னக்கா பாப்பீங்க இன்டர்நெட்டுல? நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன், ஆமா இல்லன்னு சொன்னாப் போதும். சமையல்?” ஆமா. “சீரியல்?” ஆமா. “பக்திப் பாட்டு?” ஆமா. “தையல் மாடல்?” ஆமா, என்றபோது குரல் கொஞ்சம் உள்ளே போனது. ரவிக்கைக் கழுத்து மாடல் என்று நினைத்துத்தான் அதைத் திறந்தாள். தெரியாத நம்பரிலிருந்தெல்லாம் அளவு அனுப்புவார்கள், மாடல் அனுப்புவார்கள், அன்றைக்கும் ஒரு தெரியாத நம்பர், ஒரு லிங்க், மேலே ‘உங்க பொண்ணா இது’ என்று இருந்ததைக்கூட, பெண்ணுக்கு ரவிக்கை போலிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொட்டாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. குக்கர் கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. முதலில் தெரிந்தது சுவர், அப்புறம் ஒரு திரைச்சீலை, மஞ்சள் பூப்போட்டது, அதன் விளிம்பை அடித்திருந்த தையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவளே தைத்துக் கொடுத்த திரை, மெட்ராசில் அறை எடுத்தபோது பெட்டியில் மடித்து வைத்து அனுப்பியது. அப்புறம்தான் ரஞ்சி. சட்டென்று உள்ளங்கையை வைத்துப் போனை மூடினாள். மூடின கைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது, மகளின் சிரிப்பு. அதுதான். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கு வரைக்கும் போகவில்லை. பயந்தோ அழுதோ இருந்திருந்தால்கூட ஒருமாதிரி. நம்பிச் சிரிக்கிறாள், இப்படி ஒருத்தரை நம்பித்தான் சிரிப்பார்கள், அதிலென்ன தப்பு, சண்முகக்கனியும் ஒருகாலத்தில் அப்படிச் சிரித்திருக்கிறாள், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யார் கையிலும் எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்க்கா இருக்கும்?” சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் என்றாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து, தெரு அடங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் பேரைப் போட்டுத் தேடுவாள். பெற்றுப் பேர் வைத்தபோது பாட்டுமாதிரி இருக்கிறதே என்று வைத்த பேர், அதைத் திருடன்மாதிரித் திரைபோட்ட அறையில் உட்கார்ந்து தட்டுவாள். பேரோடு ஊர். பேரோடு காலேஜ். பேரைத் தப்பாக எழுதி ஒரு தடவை, தப்பாக எழுதிப் போட்டவர்களும் உண்டு. ஒவ்வொன்றாய்த் திறந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, மேல் மூலையில் மஞ்சள் திரை தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பாள். தெரிந்தால் கீழே இழுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கிற இடத்தைத் தேடுவாள். எல்லாம் இங்கிலீஷ், போனே தமிழாக்கிக் காட்டும், அது என்ன தமிழோ, ‘இந்த உள்ளடக்கத்தில் தோன்றும் நபர் நான்’ என்று கேட்கும், ஆம், இல்லை. இல்லை என்று தொடுவாள். இல்லை என்று தொடும்போதெல்லாம், மகளை யாரோ தெருவில் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டதுபோல இருக்கும். அனுப்பிவிட்டுக் காத்திருப்பாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ போய்ப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். எடுத்துவிட்டார்கள். என் மகளே, எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வாள், அன்றைக்குச் சோறு இறங்கும். அடுத்த நாள் வேறொரு இடத்தில் முளைத்திருக்கும், பேர், காலேஜ், ஊர். கருவேல முள்ளை வெட்டினமாதிரி. வெட்ட வெட்டத் தழைக்கிறது. இதையெல்லாம் ஆமா இல்லை என்று எந்தக் கட்டத்தில் அடைப்பாள் இந்தப் பெண்.

“வீட்டுல வேற யாருக்கா போன் வச்சிருக்காங்க?” மகள் மெட்ராசில் இருக்கிறாள் என்றாள், வீட்டுக்காரர் பட்டன் போன்தான். சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் செருப்புச் சத்தம். பால்பாண்டி மினிபஸ்ஸில் கண்டக்டர், மத்தியான ஓய்வுக்குச் சாப்பிட வருகிற நேரம். பையை ஆணியில் மாட்டிவிட்டு யாரிது என்பதுபோலப் பார்த்தார். “ஆராய்ச்சி பண்ற பிள்ளையாம், போனைப் பத்திக் கேக்க வந்திருக்கு” என்றாள். “அண்ணா, நீங்க ஏன் ஸ்மார்ட் போன் வச்சுக்கல?” என்று ஹெப்சிபா சிரித்துக்கொண்டே கேட்டாள். “வச்சிருந்தேன்மா. கண்ணு கூசுச்சு. விட்டுட்டேன்.” கண் கூசுகிறது என்றுதான் சண்முகக்கனியிடமும் சொன்னார். ஒருநாள் சாயங்காலம் வந்தார், பெரிய போனை எவருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார், சட்டைப்பையில் பட்டன் போன் இருந்தது. அதற்கு முந்தின வாரம் வரை அதில்தான் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குவார், அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பார். கண் கூசுகிறவர் டாக்டரிடம் போனாரா, போகவில்லை. கண்ணாடி மாற்றினாரா, இல்லை. அன்றிலிருந்து ரஞ்சி போன் பண்ணினால், ‘நீ பேசு’ என்று எழுந்து கொல்லைப்பக்கம் போகிறார். பார்த்திருப்பாரோ. பார்த்தவருக்குச் சோறு இறங்குமா, சாப்பிடுகிறாரே, இவளும்தான் சாப்பிடுகிறாள். பஸ்ஸில் கடைசி சீட்டுப் பையன்கள் போனைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர் டிக்கெட் என்று கையை நீட்டியபடி அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொரு நடையிலும். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறாள். கேட்டு, அவருக்குத் தெரியாமல் இருந்தால்? தெரிந்திருந்தால்? இரண்டுக்கும் நடுவில் கண் கூசுகிறது என்ற ஒரு சொல் தட்டிமாதிரி நிற்கிறது, நிற்கட்டும். “ஏம்மா” என்றார் அவர், கைகால் கழுவப் போனவர் திரும்பி நின்று. “நீங்கள்லாம் படிச்ச பிள்ளைக. இந்த இன்டர்நெட்டை ஒரேயடியா நிப்பாட்ட வழி ஏதும் இருக்கா?” ஹெப்சிபா கலகலவென்று சிரித்தாள். “அது எப்படிண்ணா முடியும்!” அவர் சிரிக்கவில்லை. சண்முகக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்காக உண்மையிலேயே காத்துக்கொண்டு நின்றார். அந்த வயசான முகம், மீசையில் வெயிலின் வேர்வை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உள்ளிருந்து யாராவது வந்து சொல்வார்களா என்று நிற்கிறவரின் முகம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பாமலே கொல்லைக்குப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

ஹெப்சிபா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், சண்முகக்கனி ஆமா என்றாள், அது எதற்கு ஆமா என்று தெரியவில்லை. இவருக்கும் தெரியும். அப்படியென்றால் தினமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறோம். ரஞ்சிக்குத் தெரியாது, ரஞ்சிக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன செய்வாள். பேப்பரில் வருகிறதே, நர்சிங் படித்த ஒரு பிள்ளை, மின்விசிறி, துப்பட்டா, பேப்பர்க்காரன் எல்லாவற்றையும் எழுதுகிறான். அதற்காகத்தான் காலையிலும் சாயங்காலமும் போன் போட்டு என்ன சாப்பிட்டாய், என்ன கட்டியிருக்கிறாய் என்று கேட்பது. சொல்வதைக் கேட்பதில்லை, குரலைத்தான் கேட்கிறாள், குரல் இருக்கிறதா என்று. பொங்கலுக்கு லீவு இல்லை என்றாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன் என்றாள், ‘சும்மாதாம்மா, வெயிலு.’ இடுப்பு வரைக்கும் கிடந்த முடி. போலீசுக்குப் போகலாம் என்று ஒருநாள் ஸ்டேஷன் வாசல் வரை போனாள், உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். போனால் மகளைக் கூட்டிவா என்பார்கள். கூட்டிவந்தால் உனக்குத் தெரியுமாம்மா என்பாள். அந்தக் கேள்வியை அவள் முகத்தில் பார்ப்பதைவிட, ஆயுசு முழுக்க இப்படி மத்தியானத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டே இருந்துவிடலாம். “அக்கா? தப்பான வீடியோ, ஆபாசமா ஏதாச்சும் கண்ணுல பட்டா, புகார் குடுக்க வழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது?” “தெரியாது” என்றாள். பிறகு, தையலைப் பார்த்தபடியே, “குடுத்தா எடுத்துருவாங்களா?” என்று கேட்டாள். ஹெப்சிபா பலகையை மடியில் கவிழ்த்து வைத்தாள். “நாம குடுத்தா ஒண்ணும் நடக்காதுக்கா. எங்க ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைக்கு இப்படி ஆச்சு. நாங்க அத்தனை பேரும் மாத்தி மாத்திப் புகார் குடுத்தோம், அசையவே இல்ல. கடைசில அவளே குடுத்தா. அந்த மாதிரி இடத்துலல்லாம் அதுல இருக்கிறவங்களே, நான்தான் அதுன்னு சொல்லணும், அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்து அனுப்பணும். ஒவ்வொரு எடத்துக்கும் தனித்தனியா. பாவம்க்கா, தினமும் உக்காந்து அனுப்பிக்கிட்டே இருப்பா.”

ரவிக்கைக்குத் தைக்க எடுத்த கொக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை. நாம் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் போயிருந்ததே. தினமும் போயிருந்ததே, காலியாக இருந்ததே, சோறு இறங்கியதே. இல்லை என்று தொட்டவளின் பேச்சைக் கேட்டா எடுத்தார்கள். யாரோ ஆம் என்று தொட்டிருக்கிறார்கள். அந்த நபர் நான் என்று யாரோ அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறார்கள், கழுத்தளவு வெட்டின முடியோடு, அந்த அறையில், திரையைக் கழற்றிவிட்டாளோ என்னவோ, ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டேன்மா என்று போனில் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. மகளே. நான் இங்கே பிடுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனையையும் நீ அங்கே பிடுங்கிக்கொண்டிருந்தாய். நான் காப்பாற்றுகிறேன் என்று இருந்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று நான் பேசினேன், எனக்குத் தெரியக் கூடாது என்று நீ பேசினாய், என்ன குழம்பு, என்ன பொரியல், எத்தனை மாசமாய். ஹெப்சிபா இன்னும் என்னென்னவோ கேட்டாள், பதிலும் வந்தது, நல்லா இருக்கு, ரொம்ப உபயோகமா இருக்கு, இல்ல, பயமெல்லாம் இல்ல. கடைசியில் அவள் எழுந்து, “ரொம்ப நன்றிக்கா, உங்கள மாதிரிப் பொறுமையா யாரும் பதில் சொல்லல” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான, ஈரமான கை. “பத்திரமாப் போ பிள்ள” என்றாள் சண்முகக்கனி. அவள் போவதைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள், வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ராஜம் வீட்டைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும்.

உள்ளே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து ரஞ்சிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை, யோசித்தால் என்ன சாப்பிட்டாய் என்றுதான் வரும் என்று பயமாக இருந்தது. “என்னம்மா, இந்த நேரத்துல? ஆபீஸ்ல இருக்கேன்” என்றாள் ரஞ்சி. “ரஞ்சி, புதுசா ஒண்ணு வந்திருக்கு. நேத்துப் பாத்தேன். நான் குடுத்தா எடுக்க மாட்டாங்களாம்.” ஆபீஸ் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், நாற்காலி நகர்ந்தது, நடக்கிற சத்தம், ஒரு கதவு, அப்புறம் ஒன்றுமே இல்லை, மூச்சுக்கூட இல்லை. அவள் போனைக் காதில் அழுத்திப் பிடித்தாள். இருக்கிறாளா. எந்த மாடி அது. ஜன்னல் உண்டா. “ரஞ்சி” என்றாள். “ரஞ்சி, பேசு. ஏதாவது பேசு.” குரல் வந்தது, சின்னப் பிள்ளையின் குரல். “நீ பாத்தியாம்மா?” “கையை வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் பாத்தேன். அந்தத் திரைச்சீலையைத்தான் பாப்பேன். சத்தியமா அவ்வளவுதான்.” மறுமுனையில் அழுகை உடைந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை, சண்முகக்கனி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அழுகிற வரைக்கும் மகள் இருக்கிறாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “அப்பாவுக்கு?” “தெரியும்.” பிறகு, “எந்த லிங்க்? எனக்கு அனுப்பு” என்றாள் ரஞ்சி. “அனுப்ப மாட்டேன். என் கையால அதை யாருக்கும் அனுப்ப மாட்டேன். உனக்குக்கூட. வாசிச்சுச் சொல்றேன், எழுதிக்கோ.” போனை மெஷின் பலகையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மறுபடி தேடி எடுத்து, இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, மேலே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினாள். எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ். வி. ஐ. கே, இல்லை எக்ஸ், கோடு ஒன்று கீழே கிடக்கிறது. “கீழ்க்கோடா, சரி, அப்புறம்?” என்றது மகளின் குரல். பால்பாண்டி கொல்லைப்பக்க நிலையில் வந்து நின்றுகொண்டிருந்தார், முகம் கழுவின தண்ணீர் துடைக்காமல் சட்டையில் சொட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், வாசிப்பதை நிறுத்தவில்லை. “இது எனக்குத் தெரியாதும்மா, இது புதுசு” என்றாள் ரஞ்சி. “இன்னும் இருக்கா?”

“இருக்கு” என்றாள் சண்முகக்கனி. அவர் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.